மரை கழலாத ஞாயிற்றுக்கிழமை

புத்தி பேதலித்தவனை 'மரை கழன்றவன்' என்று சொல்வது நம் வழக்கம். அந்த வசவை உண்டாக்கியவர் யாரோ தெரியாது. ஆனால் அவர் ஒருநாளும் தன் காரைத் தானே பழுது பார்த்தவராக இருக்க முடியாது. மரை கழன்றுவிட்டால் வேலை முடிந்த மாதிரிதான். கழலாமல் நிற்கும்போதுதான் மனிதனுக்குப் புத்தி பேதலிக்கிறது.

திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. வாசலில் 20 வயதைக் கடந்த ஒரு சின்ன கார், மூன்று சிலிண்டர். சில வாரங்களாக இடப்பக்க முன்சக்கரம் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கீச்சிட்டது. பிரேக் பேடு தேய்ந்துவிட்டது. பேடு மாற்றுவது, காரில் கைவைக்கப் பழகுகிறவர்களுக்கு அரிச்சுவடி போன்ற வேலை. நான்கு நட்டைக் கழற்றிச் சக்கரத்தை எடு, இரண்டு போல்ட்டைக் கழற்றி, பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரைத் தூக்கு, பழைய பேடை உருவிப் புதியதைச் செருகு, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டு. ஒரு மணி நேரம் என்பார்கள். ஞாயிறு காலை 9 மணிக்கு ஆரம்பித்த நான் முடித்தது திங்கள் மாலை. அதில் பேடு மாற்றப் பிடித்தது பத்து நிமிடம். மற்ற நேரமெல்லாம் அந்த நான்கு நட்டோடும் இரண்டு போல்ட்டோடும் போயிற்று.

வீல் நட்டை ஜாக்கி போடுவதற்கு முன்பே சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். சக்கரம் தரையில் அழுந்தி நிற்கும்போதுதான் தரையின் உராய்வு அதைச் சுழலாமல் பிடித்துவைக்கும். தூக்கிய பிறகு திருகினால் நட்டோடு சக்கரமும் சேர்ந்து சுற்றும். சரி என்று ஸ்பேனரை மாட்டி அழுத்தினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினேன். ஸ்பேனர்தான் வளைகிற மாதிரி இருந்தது. இதற்கு முன் அந்தச் சக்கரத்தைப் பூட்டியது ஒரு பஞ்சர் கடைப் பையன். ஸ்பேனர் மேல் ஏறி நின்று இரண்டு குதி குதித்துப் பூட்டினான். அன்று அதை அக்கறை என்று நினைத்து அவனுக்கு டீக்காசு வேறு கொடுத்தேன்.

அவன் குதித்ததைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். என் காரின் கையேடு வீல் நட்டுக்குச் சொல்லும் முறுக்குவிசை 85 நியூட்டன் மீட்டர். காரோடு வரும் ஸ்பேனர் ஏறக்குறைய 30 செ.மீ. நீளம். அதன் நுனியில் 29 கிலோ எடை அழுத்தினால் 85 வந்துவிடும். 70 கிலோ ஆள் சும்மா ஏறி நின்றாலே 200-ஐத் தாண்டும். குதித்தால் அதற்கும் மேல். நட்டு இறுகத்தானே செய்யும், நல்லதுதானே என்று தோன்றலாம். இறுக்கம் என்றால் என்ன என்று தெரியாதவரை எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

போல்ட் என்பது ஒரு ஸ்பிரிங். பார்த்தால் கல் மாதிரி இருக்கும், ஆனால் ஸ்பிரிங்தான். நட்டைத் திருகும்போது நாம் செய்வது போல்ட்டைப் பிடித்து இழுத்து நீட்டுவது. நீண்ட எஃகு பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கிறது. அந்தத் துடிப்புதான் சக்கரத்தையும் அச்சின் முகப்பையும் ஒன்றோடொன்று நெரித்துப் பிடிக்கிறது. என் காரின் வீல் போல்ட் 12 மி.மீ. தடிமன். 85 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால் அது ஏறத்தாழ 35,000 நியூட்டன் விசையோடு இழுபடும். நம் கணக்கில் மூன்றரை டன். நான்கு போல்ட்டும் சேர்ந்தால் 14 டன். காரின் மொத்த எடையே முக்கால் டன்னை எட்டாது! இவ்வளவு விசைக்கு அந்த எஃகு நீள்வது எவ்வளவு? மி.மீட்டரில் நூறில் எட்டுப் பங்கு. ஒரு தலைமுடியின் தடிமன்.

சக்கரம் அந்த நான்கு போல்ட்டின் மேல் ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி தொங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. 14 டன் நெரிசலில் சக்கரத்தின் முகமும் அச்சின் முகமும் ஒட்டிக்கொள்கின்றன. காரின் எடையைத் தாங்குவதும் பிரேக்கின் உதறலை வாங்குவதும் அந்த இரு முகங்களுக்கு இடையிலான உராய்வுதான். போல்ட்டின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டும். அந்தத் தலைமுடி அளவு நீட்சி போய்விட்டால் நட்டு விழாமல் இருந்தாலும் இணைப்பு செத்துவிடும். அதன் பிறகுதான் சக்கரம் உண்மையிலேயே போல்ட்டில் தொங்க ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் வெட்டு வாங்கி, போல்ட் சோர்ந்து முறியும்.

குதிப்பதில் உள்ள ஆபத்து இப்போது புரியும். எந்த ஸ்பிரிங்குக்கும் ஒரு மீள் எல்லை உண்டு. பொதுவாகக் கிடைக்கும் போல்ட்டுகளின் தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது விலையுமல்ல, அளவுமல்ல. முதல் எண்ணை நூறால் பெருக்கினால் போல்ட் அறுபடும் அழுத்தம், மெகாபாஸ்கலில். புள்ளிக்குப் பின்னால் உள்ள எண், அதில் பத்தில் எத்தனை பங்கிலேயே மீளாமல் நீளத் தொடங்கும் என்பதைச் சொல்கிறது. 8.8 என்றால் 800-இல் அறும், அதில் பத்தில் எட்டுப் பங்கான 640-இலேயே தொய்யத் தொடங்கும். 85 நியூட்டன் மீட்டரில் என் வீல் போல்ட் வாங்குவது 420 அளவு. இரண்டரை மடங்கு முறுக்கினால் எங்கே போகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். தொய்ந்த ரப்பர் பேண்டால் கட்டிய மளிகைப் பொட்டலம் போல ஆகிவிடும் இணைப்பு. நட்டு இறுக்கமாக இருக்கிற மாதிரியே இருக்கும், பிடி இருக்காது.

கடைசியில் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற லாரி மெக்கானிக் ஒருவர் தன் வீட்டிலிருந்து ஒரு ஜி.ஐ. பைப் துண்டைக் கொண்டுவந்தார். அவர் தெருவுக்கே அண்ணன். ஸ்பேனர் கைப்பிடியில் பைப்பைச் செருகினார். நெம்புகோல் மூன்றடி ஆனது. "குதிக்காத தம்பி. சீரா அழுத்து, முதுகை வளைக்காத" என்றார். நான்கு நட்டும் கதவுக் கீல் முனகுவது போல முனகிக்கொண்டு விட்டுக்கொடுத்தன. அந்த முனகலும் உராய்வின் பேச்சுதான். பிடித்து நின்று, சட்டென வழுக்கி, மறுபடி பிடித்து, மறுபடி வழுக்கி என்று நொடிக்குப் பல நூறு முறை நடப்பதன் ஓசை. வயலினில் வில் செய்வதும் இதையேதான். அங்கே காதுக்கு இனிமை, இங்கே எனக்கு இனிமை.

ஜாக்கி போட்டுத் தூக்கினேன். இந்த ஜாக்கியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சின்னக் கார்களோடு வரும் கத்தரிக்கோல் ஜாக்கியும் ஒரு நீண்ட போல்ட்தான். மரை என்பதை உருளையில் சுற்றிய சாய்தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் பாதை மாதிரி. செங்குத்தாக ஏறினால் மூச்சு வாங்கும், சுற்றிப் போனால் தூரம் கூடும், பாரம் குறையும். 12 மி.மீ. போல்ட்டின் மரைச் சரிவு வெறும் 2 பாகைதான். எஃகின் மேல் எஃகு தானாக வழுக்கத் தொடங்க வேண்டுமானால் 8, 9 பாகையாவது சரிவு வேண்டும். ஆகவே எவ்வளவு பாரம் ஏற்றினாலும் நட்டு தானாகத் திரும்பி இறங்காது. ஜாக்கியிலிருந்து கையை எடுத்தாலும் கார் இறங்காமல் நிற்பதும், ஊறுகாய் பாட்டில் மூடி கழலாமல் இருப்பதும் இந்தச் சரிவுக் கணக்கினால்தான்.

ஆனால் ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல. மரை இறங்காது, சரி. ஜாக்கியே சாயும். கார் பக்கவாட்டில் சற்று ஆடினால் போதும். தூக்கிய உடனே உறுதியான இரும்பு ஸ்டாண்டைக் கொடுக்காமல் காருக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. செங்கல்லை அடுக்கி முட்டுக்கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். செங்கல் சுவரில் சீராகப் பரவிய பாரத்தைத் தாங்கப் பிறந்தது. ஒரு மூலையில் இரும்பு விளிம்பு பட்டால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இரண்டாகப் பிளக்கும்.

சக்கரம் கையோடு வந்தது. காலிப்பரின் மேல் போல்ட்டும் வந்தது. கீழ் போல்ட் வரவில்லை.

அதன் தலை தெரியவில்லை, செம்மண் கட்டி ஒன்றுதான் தெரிந்தது. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் போதும். உப்பு இருந்தால் அந்த வேலை வேகமெடுக்கும், ஏனென்றால் துரு பிடிப்பது ஒரு மின்வேதி வினை. இரும்பு ஓரிடத்தில் எலக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரைகிறது, அந்த எலக்ட்ரான்களை இன்னோரிடத்தில் ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்க, நடுவே மின்சாரம் கடத்தும் ஈரம் வேண்டும். உப்பு கலந்த ஈரம் நல்ல கடத்தி. கேம்பிரிட்ஜில் வேலை செய்த யூலிக் எவன்ஸ் என்ற வேதியியலாளர் இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்பு நீரை வைத்து இதைக் காட்டினார். சொட்டின் விளிம்பில் காற்று நிறையக் கிடைக்கிறது, நடுவில் குறைவு. அரிப்பு நடந்தது காற்று குறைந்த நடுப்பகுதியில். மரைக்குள் நடப்பதும் அதுவே. வெளியே தெரியும் தலையைவிட, காற்றுப் போகாத உள் இடுக்கில்தான் இரும்பு அதிகம் கரைகிறது. சுரண்டிப் பளபளப்பாக்கிவிட்டால் போல்ட் வந்துவிடும் என்று நம்பி அரை மணி நேரம் கம்பி பிரஷ்ஷோடு மல்லுக்கட்டிய எனக்கு இது தாமதமாகத்தான் உறைத்தது.

துரு வெறும் அழுக்காக இருந்தால் பரவாயில்லை. அது பருக்கும். தான் தின்ற இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு வரை அதிக இடம் கேட்கும். போல்ட்டின் மரைக்கும் எதிர் மரைக்கும் நடுவே உள்ள சந்து மி.மீட்டரில் நூறில் சில பங்குதான். அதற்குள் பருக்க முயலும் துரு, இரண்டு மரையையும் பிடித்து நெரிக்கிறது. கடலோர வீடுகளில் பால்கனி அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிவதைப் பார்த்திருப்பீர்களே, அதுவும் இதே கதைதான். கம்பி துருவேறிப் பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. கான்கிரீட் பிளந்துகொள்ளும். எஃகு பிளக்காது, எனவே இறுகும்.

இந்த இடத்தில் எல்லாரும் கைவைப்பது அந்த நீல மஞ்சள் டப்பாவில்தான். டபிள்யூடி-40. அதன் பிறப்பு 1953-இல், அமெரிக்காவின் சான் டியாகோவில், ராக்கெட் கெமிக்கல் என்ற சின்ன நிறுவனத்தில். அட்லஸ் ஏவுகணையின் மெல்லிய உலோகத் தோல் துருப்பிடிக்காமல் இருக்க, ஈரத்தை விரட்டும் திரவம் ஒன்று தேவைப்பட்டது. நாற்பதாவது முயற்சியில் கலவை சரியாக வந்தது. பெயரின் பொருளே நீர் விரட்டி, முயற்சி எண் 40 என்பதுதான். அதாவது அது இறுகிய போல்ட்டைக் கழற்றவென்று பிறந்ததல்ல. அந்த வேலையையும் ஓரளவு செய்கிறது, அவ்வளவுதான். அதற்கென்றே ஊடுருவும் எண்ணெய்கள் தனியாக விற்கிறார்கள். நம் பட்டறைகளில் மண்ணெண்ணெயும் டீசலும் இந்தத் தொழிலை வெகுகாலமாகச் செய்துவருகின்றன.

எல்லாவற்றின் சூட்சுமமும் விளக்குத் திரியில் இருக்கிறது. கீழே கிடக்கும் எண்ணெய் திரியின் நூலிடுக்குகளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறதல்லவா, அதே நுண்புழை ஏற்றம்தான் எண்ணெயை மரைக்குள் இழுக்கிறது. துருவும் நுண்துளைகள் நிறைந்த பொருளாதலால் அதுவே திரியாகிவிடுகிறது. உள்ளே போகும் திரவம் இரண்டு விதத்தில் இளகியதாக இருக்க வேண்டும். பரப்பு இழுவிசை குறைவாக இருந்தால் முத்துமுத்தாக நிற்காமல் படரும். மண்ணெண்ணெயின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் வரும். பாகுத்தன்மையும் குறைவாக இருக்க வேண்டும். நல்லெண்ணெய் ஊற்றிவிட்டு உட்கார்ந்திருந்தால் அடுத்த தீபாவளி வரை உட்கார வேண்டியதுதான். ஆனால் எவ்வளவு இளகிய எண்ணெயானாலும், மயிரிழையிலும் மெல்லிய சந்தில் நகர நேரம் பிடிக்கும். அடித்த ஐந்தாவது நிமிடத்தில் ஸ்பேனரைப் போட்டு முக்கிவிட்டு 'எண்ணெய் சரியில்லை' என்பவர்களில் நானும் ஒருவன்.

முக்கியதன் பலன், போல்ட் தலையின் மூலைகள் மழுங்கத் தொடங்கின. பட்டறை மொழியில் 'ரவுண்ட் அடிப்பது'. கையில் இருந்தது பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர். அது போல்ட்டின் ஆறு மூலைகளை அவற்றின் ஓரத்திலேயே கவ்வும். விசை முழுவதும் மெல்லிய கோடுகளில் விழும். ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனர் தட்டையான பக்கங்களில் அழுத்தும், விசை பரவும். வெயில் ஏறியிருந்தது. பெட்டியில் ஆறு முனை இருந்தும் தேடச் சோம்பல்பட்டேன்.

அடுத்து நெருப்பு நினைவுக்கு வந்தது. ஒன்றுக்குள் ஒன்று சிக்கிய எவர்சில்வர் டம்ளர்களைப் பிரிக்க வீட்டில் என்ன செய்வோம்? வெளி டம்ளரை வெந்நீரில் வைத்து, உள் டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவோம். வெளியது விரியும், உள்ளது சுருங்கும், பிடி விடும். கட்டை வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா ஏற்றுவதும் இந்த வித்தையின் மறுபக்கம். மரச் சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுச் சிறியதாகப் பட்டாவை அடித்து, வறட்டி நெருப்பில் சூடேற்றி விரியவைத்து, மாட்டிய கையோடு தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டா சுருங்கிச் சக்கரத்தின் ஆரக்கால்களையெல்லாம் ஒன்றாக நெரித்துவிடும். ஆணியே தேவையில்லை. எஃகு ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரிகிறது. 12 மி.மீ. துளையுள்ள நட்டை 200 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் துளை மி.மீட்டரில் நூறில் மூன்று பங்கு பெரிதாகும். கேட்க அற்பம். ஆனால் மரைச் சந்தே அவ்வளவுதான். துரு எஃகோடு சேர்ந்து விரிந்துகொடுக்காமல் நொறுங்கும், எண்ணெய்க்கு வழி பிறக்கும்.

பிளம்பரிடம் டார்ச் இரவல் வாங்கலாமா என்று கேட்டேன். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "உள்ள ரப்பர் சீல் இருக்கு, பிரேக் ஆயில் இருக்கு. பக்கத்துல நீ அடிச்ச மண்ணெண்ணெய் வேற. காரைக் கொளுத்தணும்னா நேரா கொளுத்திடு தம்பி." லாரிக்காரர்கள் இறுகிய வீல் நட்டை டயரோடு வைத்துச் சூடேற்றி உயிரை விடுவதைப் பற்றியும் சொன்னார். அது மிகை இல்லை. ரிம் சூடேறினால் டயருக்குள் இருக்கும் ரப்பர் சிதைந்து எரியக்கூடிய வாயுக்களை விடும், காற்றழுத்தமும் ஏறும். குண்டு மாதிரி வெடிக்கும். தீயை அணைத்து வெகுநேரம் கழித்தும் வெடிக்கலாம்.

"நாளைக்குப் பார்க்கலாம், ஊறட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் மாலை அலுவலகத்திலிருந்து வந்து பார்க்கிறேன், ஒரு சின்ன சுத்தியலால் போல்ட் தலையில் தட்டிக்கொண்டிருக்கிறார். பலமாக அல்ல. தாளம் போடுகிற மாதிரி, இருபது முப்பது தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் அந்தக் கணநேரம் மரையின் பரப்புகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும், துருத் துகள் உதிரும், எண்ணெய் இன்னும் ஓரிழை உள்ளே நுழையும். பிறகு ஆறு முனை பாக்ஸை மாட்டி, "முதல்ல இறுக்கு" என்றார்.

"கழற்றத்தானே அண்ணே வந்திருக்கோம்?"

"இறுக்குன்னேன்ல?"

இறுக்கினேன். அணுவளவு நகர்ந்தது. அதாவது துருவின் ஒட்டு எங்கோ ஓரிடத்தில் உடைந்துவிட்டது. எந்தப் பக்கம் உடைந்தால் என்ன? இப்போது கழற்றும் பக்கம். 'டக்' என்று ஒரு சத்தம். போல்ட் முறிந்துவிட்டதோ என்று நெஞ்சு நின்றது. முறியவில்லை. கால் சுற்று கழற்று, எட்டில் ஒரு சுற்று திரும்ப இறுக்கு, எண்ணெய் விடு, மறுபடி கால் சுற்று. உதிர்ந்த துருத்தூள் மரையில் சேர்ந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்க இந்த முன்பின் ஆட்டம். ஐந்து நிமிடத்தில் போல்ட் என் உள்ளங்கையில் கிடந்தது, தோண்டி எடுத்த பழங்காசு மாதிரி.

பேடு மாற்றியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் சின்ன காரை நிறுத்தும்போது பிரேக்குகள் வாங்கிக்கொள்ளும் வெப்பம், ஏறக்குறைய 700 மி.லி. தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அதைத் தாங்குவதால்தான் பேடு கருகித் தூளாகிறது. அந்தத் தூளை வாயால் ஊதக் கூடாது. பழைய பேடுகளில் கல்நார் இருந்த காலம் ஒன்று உண்டு. ஈரத்துணியால் துடைத்தால் போதும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி சேரும், ஆவி அமுங்கும், மிதி தரை வரை போகும். கடலோரத்தில் டப்பாவைத் திறந்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

திரும்பப் பூட்டும் வேலைதான் எனக்கு உண்மையான பாடம். கழற்றுவதில் தவறினால் உடனே தெரிந்துவிடும், போல்ட் முறியும், ரவுண்ட் அடிக்கும். பூட்டுவதில் தவறினால் நெடுஞ்சாலையில்தான் தெரியும்.

அதற்காகவே ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கிவைத்திருந்தேன். கைப்பிடியில் 85 என்று வைத்தால், அந்த முறுக்கு வந்ததும் 'டிக்' என்று சொல்லும். நியூயார்க் நகரத் தண்ணீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார் என்பவர் 1918-இல் இப்படியொரு கருவியை முதலில் செய்தார் என்பார்கள், மண்ணுக்கடியில் குழாய் போல்ட்டுகளை ஆட்கள் இஷ்டத்துக்கு இறுக்கி உடைப்பதைத் தடுக்க. நல்ல கருவிதான். ஆனால் அது அளப்பது நமக்கு வேண்டியதை அல்ல. நமக்கு வேண்டியது போல்ட்டின் நீட்சி. கருவி அளப்பதோ நம் கை கொடுக்கும் முறுக்கை. இரண்டுக்கும் நடுவே உராய்வு என்ற தரகர் உட்கார்ந்திருக்கிறார். கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பாதி, நட்டின் முகம் உரசுவதில் போய்விடும். 40 விழுக்காடு மரை உரசுவதில் போகும். மீதி பத்து விழுக்காடுதான் போல்ட்டை நீட்டுகிறது. நூறு ரூபாய் கொடுத்துப் பத்து ரூபாய்க்குச் சரக்கு வாங்கும் வியாபாரம்.

தரகரின் கூலி சற்றுக் குறைந்தால் என்ன ஆகும்? நல்லெண்ணத்தில் வீல் போல்ட்டின் மரைக்கு ஆயில் போடுகிறோம் என்று வையுங்கள். உராய்வு குறைகிறது, ரெஞ்ச் அதே 85-இல் 'டிக்' என்கிறது, ஆனால் மூன்றரை டன்னாக இருக்க வேண்டிய இழுப்பு நாலேமுக்கால் டன் ஆகிவிடுகிறது. மாறாக மரையில் துருவும் மண்ணும் இருந்தால் தரகர் முழுவதையும் விழுங்குவார். 'டிக்' கேட்கும், இழுப்பு இருக்காது. கையேடு உலர்ந்த மரைக்குச் சொன்ன எண்ணை எண்ணெய் பூசிய மரைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது இதனால்தான். எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கிய போல்ட்டின் இழுப்பு 25, 30 விழுக்காடு வரை இப்படியோ அப்படியோ போகும். எஞ்சின் ஹெட்டைப் பூட்டும்போது பல கார்களில் 'முதலில் இவ்வளவு முறுக்கு, அதன் பிறகு 90 பாகை திருப்பு' என்று சொல்வது தரகரைத் தாண்டிப் போகும் தந்திரம். மரையின் சரிவு தெரிந்தால் எத்தனை பாகைக்கு எவ்வளவு நீளும் என்பது வடிவக் கணக்கு, உராய்வுக்கு அதில் வேலையில்லை. அப்படி மீள் எல்லை வரை நீட்டிய போல்ட்டுகளைக் கழற்றினால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். 'நல்லாத்தானே இருக்கு' என்று திரும்பப் பூட்டிய போல்ட் எஞ்சினைக் காவு வாங்கும்.

சரி, 2 பாகைச் சரிவில் நட்டு தானாக இறங்காது என்றேனே, பிறகு ஓடும் வண்டியில் நட்டு ஏன் கழல்கிறது? 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் இதற்கு விடை தந்தார். விரலில் இறுகிய மோதிரத்தை எப்படிக் கழற்றுகிறோம்? நேராக இழுத்தால் வராது. திருகிக்கொண்டே இழுத்தால் வரும். உராய்வை ஒரு திசையில் தோற்கடித்துவிட்டால் மற்றத் திசையில் எதிர்க்க அதனிடம் தெம்பு மிஞ்சாது. வண்டி குலுங்கும்போது இணைப்பின் இரு முகங்களும் பக்கவாட்டில் துளி வழுக்கினால், மரையின் உராய்வு அந்தத் திசையில் செலவாகிவிடுகிறது. அந்த நொடியில் நீண்டு நிற்கும் போல்ட் என்ற ஸ்பிரிங், அந்த 2 பாகைச் சரிவில் நட்டைத் துளி இறக்கிவிடுகிறது. அப்படிப் பல ஆயிரம் துளிகள். கழலாமல் இருக்க ஒரே வழி முகங்கள் வழுக்காமல் இருப்பது, அதாவது போதுமான இழுப்பு. நட்டுக்குக் கீழே போடும் ஸ்பிரிங் வாஷர் இந்தக் குலுக்கலில் எதற்கும் உதவுவதில்லை என்பதையும் யுங்கரின் சோதனை காட்டியது. போல்ட்டின் விசைக்கு முன்னால் அது எப்போதோ தட்டையாகிவிடுகிறது. இதை அண்ணனிடம் சொன்னேன். நாற்பது வருடம் வாஷர் போட்டவர். "உங்க ஜெர்மன்காரனை மதுரை ரோட்டுல லாரி ஓட்டச் சொல்லு" என்றார்.

லாரியின் வீல் நட்டுகளுக்குக் கேட்கும் முறுக்கு 600 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். கார்க்காரன் கை அதற்கு ஆகாது. பழைய லாரிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு மரையே தலைகீழாக இருக்கும், இறுக்கும் பக்கம் சுற்றினால் கழலும். சக்கரம் சுற்றும் திசை நட்டைக் கழற்றிவிடக் கூடாது என்ற கவலையில் செய்தது. இதன் எளிய உறவினர் சைக்கிளின் இடது பெடல். ஒரு பென்சிலைக் கையில் தளர்வாகப் பிடித்து அதன் நுனியை வட்டமாகச் சுற்றிப் பாருங்கள், பென்சில் எதிர்ப்பக்கமாக உருளும். பெடல் அச்சும் அப்படி உருண்டு கழலப் பார்ப்பதால் இடப்பக்கத்துக்கு இடமரை. இது தெரியாமல் சின்ன வயதில் சைக்கிள் பெடலைக் கழற்றுவதாக நினைத்து இறுக்கி, கடைக்காரரிடம் திட்டு வாங்கியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். நெடுஞ்சாலையில் சில பேருந்து, லாரிகளின் நட்டுகளில் மஞ்சள் பிளாஸ்டிக் அம்புகள் மாட்டியிருப்பதையும் பார்த்திருக்கலாம். ஜோடி ஜோடியாக ஒன்றையொன்று நோக்கிய அம்புகள். எது விலகிப் பார்க்கிறதோ அந்த நட்டு கழன்றிருக்கிறது. டார்க் ரெஞ்ச் செய்யாத வேலையை ஒரு பிளாஸ்டிக் துண்டு பொறுப்பாகச் செய்கிறது.

மரைகளைக் கம்பி பிரஷ்ஷால் துடைத்தேன். எண்ணெய் போடவில்லை. நான்கு நட்டையும் கையால் மாட்டி, எதிரெதிராக, முதலில் பாதி முறுக்கு, பிறகு முழுமுறுக்கு. வரிசையாக இறுக்கினால் சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிடும். நான்கு 'டிக்'. சக்கரத்தின் முகத்தில் பெயிண்டும் துருத் துகளும் இருந்தால் ஓட்டத்தில் அவை நசுங்கும். நூறில் ஒரு மி.மீட்டர் நசுங்கினாலும், நூறில் எட்டு நீண்ட போல்ட்டுக்கு அது எட்டில் ஒரு பங்கு நஷ்டம். எனவே சற்று ஓட்டிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும் என்பது விதி.

அடுத்த ஞாயிறு, மாமல்லபுரம் போய்வந்த பிறகு, வாசலில் வைத்துப் பார்த்தேன். மூன்று நட்டு ரெஞ்சை வைத்ததும் 'டிக்' என்றன. நான்காவது கொஞ்சம் நகர்ந்தது. பிறகு 'டிக்'. எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து அண்ணன், "எவ்வளவு போச்சு?" என்று கேட்டார். இரண்டு விரலைச் சேர்த்து, நடுவே ஒரு முடி அளவு இடம் விட்டுக் காட்டினேன்.